மூச்சிழுக்கும் எதிரொலி

எதிரொலிக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது.

தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு சிட்டு, "ஓ...!" என்று கத்தினாள். அந்தக் குரல் நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே போய், எதிர்க்கரையில் சுவர் மாதிரி நின்ற பாறையில் முட்டி, "ஓ..." என்று திரும்பி வந்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்த இரண்டாவது "ஓ"வுக்குச் சற்று முன்னால், யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும் மெல்லிய ஓசை தண்ணீரின் மேல் ஊர்ந்து வந்ததை, கரையில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள். கூடாரத்துக் கம்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறே?" என்றான் கணவன். அவன் முழங்காலிட்டு மண்ணில் முளை அடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த எதிரொலி... கேட்டீங்களா?"

"பாறை இருக்கு. கத்தினா திரும்பி வருது. அதுக்கும் டெஸ்ட் எடுக்கப் போறியா? இன்னைக்கு உனக்கு லீவு, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் வேலை அப்படி. காது ஆஸ்பத்திரியில், கனத்த கதவு போட்ட சத்தம் புகாத அறையில் ஆட்களை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, நூல் மாதிரி மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று பார்ப்பாள். வருஷக்கணக்கில் அந்த வேலையைச் செய்து அவள் காதே ஒரு தொல்லையாகிவிட்டிருந்தது. கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது நிற்கிறது, மாடிப்படியில் வருகிறவருக்கு எந்தக் காலில் வலி என்பதெல்லாம் வேண்டாமலே வந்து காதில் விழும். பாம்புச் செவி என்று கணவன் கேலி செய்வான். அவனோ ரொட்டிக்கடை அடுப்பில் வேகிறவன். ஊர் விழிப்பதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைய வேண்டும் என்பதால், பொழுது சாய்ந்ததும் அவனுக்குக் கண் செருகிவிடும். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான்.

மழை பொய்த்துப் போன வருஷம். கூடாரம் போடுவதற்கென்று அணைக்காரர்கள் கட்டிவைத்த இடம் மேலே, மேட்டில் இருந்தது. சிமென்ட் மேஜைகள், கரி படிந்த அடுப்புக் குழிகள், பூட்டிக் கிடந்த கழிப்பறை, திறந்தால் காற்று மட்டும் சீறுகிற குழாய். முன்பெல்லாம் அந்த மேஜையிலிருந்து எட்டிக் குதித்தால் தண்ணீர். இப்போது படகு இறக்குகிற சரிவுப் பாதை கீழே இறங்கி, எதையோ சொல்ல வந்து மறந்துவிட்ட மாதிரி பாதியில் நின்றது. அதற்கப்பால் பாளம் பாளமாக வெடித்த சேற்றுத் தரை நீண்டு சரிந்து, கடைசியில்தான் தண்ணீர், அதன் பக்கத்தில் இவர்கள் கூடாரம். சுற்றிலும் காய்ந்து பழுத்த புல் மூடிய குன்றுகள். நீர் வற்ற வற்ற ஒவ்வொரு மட்டத்திலும் விட்டுப்போன வெள்ளைக் கோடுகள், கழுவாத வாளியின் உள்பக்கம் மாதிரி அவற்றின் இடுப்பைச் சுற்றி இருந்தன. எந்தக் காலத்திலோ மூழ்கிய மரங்கள் இப்போது இலையும் பட்டையும் இல்லாமல் தண்ணீரிலிருந்து எழுந்து நின்றன. வேறு ஒரு கூடாரம்கூட இல்லை. வாசலில் சீட்டுக் கிழித்த ஆள், "தண்ணியே இல்லாத இடத்துக்கு எதுக்குங்க வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

எதற்கு வந்தோம் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்காகவும் சிட்டுவுக்காகவும்தான்.

சிட்டு அவள் பெற்ற பிள்ளை அல்ல. சிட்டுவைப் பெற்றவள் நோயில் போய்ச் சேர்ந்து, ரொட்டிக்கடைக்காரன் தனியாகப் பிள்ளையோடு அல்லாடி, சொந்தக்காரர்கள் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம் இது. வருஷம்கூட ஆகவில்லை. சிட்டு முரண்டு பிடிக்கிற பிள்ளையாக இருந்திருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். அவள் மரியாதை தெரிந்த பிள்ளை. "சாப்பிட்டேன் சித்தி. நீங்க வர வேண்டாம் சித்தி, நானே தலை பின்னிக்கறேன்." அப்பாவுக்கு 'நீ', பக்கத்து வீட்டுப் பூனைக்கு 'நீ', சுவரில் மாட்டிய அம்மாவின் படத்துக்கும் 'நீ'. இவளுக்கு மட்டும் 'நீங்க'. நிலைக்கதவைப் பதமாகச் சாத்துவது போல, ஒவ்வொரு முறையும் அந்த 'நீங்க'. அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏதாவது ஒரு குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டால் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். பிறகு வெட்கமாக இருக்கும்.

"சிட்டு! இங்க வா! சாப்பிடலாம்!" என்று அவள் குரல் கொடுத்தாள்.

மூச்சு.

"...இங்க வா... சாப்பிடலாம்..." என்றது பாறை.

அவள் குரல்தான். இம்மி பிசகில்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்து கேட்டுப் பழகிய அவள் குரலேதான். தூரத்திலிருந்து வருகிற குரலில் ஓரங்கள் தேய்ந்திருக்க வேண்டும். இதில் தேயவில்லை.

ரொட்டியும் அவித்த முட்டையும் ஸ்டவ்வில் சுட வைத்த சூப்பும்தான் சாப்பாடு. குன்றுக்குப் பின்னால் வெயில் இறங்கி, சேறு மெல்லச் செம்பு நிறமானது. ஈர மண்ணும் பாசியும் செத்த மீனும் கலந்த வாசனை எழுந்து வந்தது. கணவன் ரொட்டியைப் பிட்டு, "இதைச் சுட்டவனைக் கட்டி வச்சு உதைக்கணும்" என்றான். அவனே சுட்டதுதான். சிட்டு சிரித்தாள். தண்ணீர்ப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. சிட்டு வாயை மூடிய பிறகும் அது கொஞ்சம் நீண்டது.

"அவளுக்கு நல்லா சிரிக்க வருது" என்றாள் சிட்டு.

"யாருக்குடா கண்ணு?"

"அங்க இருக்கறவளுக்கு. முதல்ல நான் சொல்றதையே சொன்னாப்பா. அப்புறம் நான் சொல்லாததும் சொன்னா."

கணவன் இவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். பிள்ளை கற்பனையாவது பேசுகிறதே என்று அவனுக்குச் சந்தோஷம்.

"என்ன சொன்னா?" என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

சிட்டு சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களைப் பத்திக் கேட்டா. அவங்க உனக்கு யாருன்னு. சித்தின்னு சொன்னேன். அப்படின்னா என்னன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"அம்மா இல்லாதப்ப வர்றவங்கன்னு சொன்னேன்."

கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "சரி, நான் மேல கார்லயே படுத்துக்கறேன். என் குறட்டையில கூடாரம் பிச்சுக்கிட்டுப் பறந்துடும். நீங்க ரெண்டு பேரும் கதை பேசிக்கிட்டுத் தூங்குங்க." போகும்போது அவள் தோளை லேசாக அழுத்திவிட்டுப் போனான். எல்லாம் அவன் போட்ட திட்டம் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் மேல் பாசமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவனுடைய டார்ச் வெளிச்சம் சேற்று மேட்டில் ஆடி ஆடி ஏறி, சிமென்ட் மேஜைகளைத் தாண்டி மறைந்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம் வந்தது. தன் செல்போன் சார்ஜுக்காக அந்தக் காரிலேயே கிடக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

கூடாரத்துக்குள் சிட்டு அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். "குட் நைட் சித்தி." "போர்வை போத்திக்கறியா?" "வேண்டாம் சித்தி. நீங்க போத்திக்குங்க."

இருட்டியதும் அந்த வெட்டவெளி பேச ஆரம்பித்தது. பகல் முழுக்கச் சூடேறிய சேற்றுப் பாளங்கள் குளிர்ந்து சுருங்கி எங்கோ ஒன்று பட்டென்று வெடிக்க, அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று கூடாரத்தின் அடியிலேயே வெடிக்க, குன்றுகளில் காய்ந்த புல் காற்றே இல்லாமல் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்க, அதற்கெல்லாம் அடியில் தண்ணீர், அலை அடிக்கக் காரணமே இல்லாத அந்தச் சின்னத் தண்ணீர், கரையை நக்குவது போல ஒரே தாளத்தில் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. பூச்சிச் சத்தம் இல்லை. தவளை இல்லை. அவள் காது தானாக ஒவ்வொரு ஒலியையும் பிரித்துப் பெயர் வைத்து ஓரமாக வைத்தது. கடைசியில் பெயர் வைக்க முடியாத ஒன்று மிஞ்சியது.

"...அ..."

தண்ணீர்ப் பக்கமிருந்து. மெல்ல.

"...ம்... அம்... ம்ம..."

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தினமும் கேட்பது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகள், காது மிஷின் வைத்த பிறகு, முதல்முறையாக ஒரு சொல்லைச் சொல்லிப் பழகுவார்கள். உதட்டை எங்கே மூடுவது, எங்கே திறப்பது, எவ்வளவு நீட்டுவது என்று தெரியாமல் தடவித் தடவிச் சொல்வார்கள். ஒரு குழந்தை அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் அறையில் எல்லோரும் அழுவார்கள்.

"...அம்மோ... அம்ம... அம்மா."

கிடைத்துவிட்டது.

"அம்மா" என்றது மறுபடியும், இந்த முறை தயங்காமல். சிட்டுவின் குரலில்.

அவள் கை நீட்டி இருட்டில் சிட்டுவின் முதுகைத் தொட்டாள். சூடாக இருந்தது. சீராக ஏறி இறங்கியது. பிள்ளை இங்கேதான் இருக்கிறாள், தூங்குகிறாள். சாயங்காலம் அவள் கத்தியது ஏதாவது ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு இப்போது வருகிறது. அவளுக்கே தெரியும் ஒலி அப்படிச் செய்யாது என்று. ஆனாலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, கையை அந்த முதுகிலிருந்து எடுக்காமலே, எப்போதோ கண் அயர்ந்தாள்.

அவளை எழுப்பியது அவள் குரல்.

"சிட்டு! இங்க வா!"

வெளியே. கீழே. தண்ணீரிலிருந்து.

கைக்கு அடியில் வெறும் பாய். அது இன்னும் சூடாக இருந்தது. கூடாரத்தின் ஜிப் திறந்து கிடந்தது, அதன் வழியே பாசி வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வர்றேன் சித்தி" என்றது இருட்டில் ஒரு தூக்கக் கலக்கக் குரல். மரியாதையான குரல். சொன்னதைக் கேட்கிற பிள்ளையின் குரல்.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாளங்கள் காலுக்கடியில் நொறுங்கின. பிறகு மண் இளகியது. பிறகு சேறு. வெளிச்சத்தின் ஓரத்தில் மஞ்சள் இரவு உடை தெரிந்தது. முழங்காலளவு தண்ணீரில் சிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"சிட்டு! நில்லு! போகாதே!"

"சிட்டு! நில்லு! போகாதே!" என்றது தண்ணீர். அதே பதற்றம், அதே உடைந்த குரல். 

பிள்ளை நின்றாள். தலை இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. "சித்தி? நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்க! இங்க பாரு!"

"இங்க! இங்க பாரு!"

சிட்டு அவளைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவள் அவசரமாக விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பப் போனாள். சேற்று விரல். வழுக்கியது. டார்ச் தண்ணீருக்குள் விழுந்து, பச்சையாக ஒரு கணம் எரிந்து, அணைந்தது.

"என்னங்க!" என்று மேட்டைப் பார்த்து அலறினாள். "என்னங்க!" என்று பாறையும் அலறியது. மேலே ஒன்றும் அசையவில்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள் அவன் தூக்கம்.

"வா கண்ணு, வா" என்றது அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

தண்ணீர் அளைகிற சத்தம். சின்னக் கால்கள். விலகிப் போகிற சத்தம்.

அப்புறம் அதுவும் இல்லை.

அவள் இறங்கினாள். முழங்கால். தொடை. சேறு பாதத்தை உறிஞ்சியது. கைகளால் இருட்டைத் துழாவினாள். ஒரு பட்ட மரம் கையில் தட்டுப்பட்டது. வழவழவென்று, குளிர்ந்து. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அதுவும் கூப்பிடும்.

"அம்மா."

பின்னாலிருந்து.

கரையில், கூடாரத்தின் வாசலில், வெளிறிய ஒரு சின்ன உருவம் நின்றது. "எங்கம்மா போனே? எனக்குக் குளிருது. வா."

எப்படிக் கரையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. விழுந்து எழுந்து ஓடி, பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். அழுகை பொங்கியது. ஈர முடி, ஈர உடை, நடுங்காத சின்ன உடம்பு. "பயந்துட்டேன்டி, உயிரே போயிடுச்சு" என்று அந்தத் தலையில் முத்தமிட்டாள். பிள்ளை இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒருநாளும் கட்டிக்கொண்டதில்லை. கூடாரத்துக்குள் அவளை ஒட்டிப் படுத்து, "தள்ளிப் படு அம்மா, எனக்கு இடம் விடு" என்றாள்.

தள்ளிப் படு. இடம் விடு.

எவ்வளவு நாள் அந்த 'நீ'க்காக ஏங்கியிருப்பாள். இப்போது அது காதில் விழுந்து, நெஞ்சில் இறங்கி, அங்கே ஐஸ்கட்டி மாதிரி கிடந்தது. போர்வையை இழுத்து இருவரையும் சேர்த்து மூடினாள். பிள்ளை சூடாகவில்லை. நேரம் போயிற்று. இன்னும் சூடாகவில்லை. அவள் மெல்லக் குனிந்து, யாரும் சொல்லாமலே, பழக்கத்தில், காதை அந்தச் சின்ன மார்பின் மேல் வைத்தாள்.

சத்தம் புகாத அறையில் கனத்த கதவைச் சாத்தியதும் ஒரு அமைதி வரும். அது இருந்தது. வேறு எதுவும் இல்லை.

பிறகு அந்த மார்பு விரிந்தது. மூச்சை உள்ளே இழுத்தது.

"என்னம்மா கேக்கறே?" என்றது.

பேசி முடித்ததும் மார்பு தணிந்தது. மறுபடி எழவில்லை.

அவள் காதை எடுத்தாள். அப்போதுதான் தண்ணீரிலிருந்து அந்தக் குரல் வந்தது. களைத்துப்போய், பல் கிட்டி.

"சித்தி... எங்க இருக்கீங்க? இருட்டா இருக்கு. எனக்குக் கால் எட்டல சித்தி..."

துள்ளி எழுந்தாள். மணிக்கட்டைச் சின்ன விரல்கள் பிடித்தன. இறுக்கம் இல்லை. ஈரம் மட்டும்.

"போகாதே அம்மா. அது எதிரொலி. அப்பா சொன்னார்ல?" மூச்சு. "அது பொய் சொல்லும். உன் குரல்லயே பேசிச்சே. என் குரல்ல பேசாதா?"

அவள் பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. எது பிள்ளை, எது தண்ணீர்? சற்று முன் அவள் குரலில் கூப்பிட்டது எதுவோ, அதுதானே இப்போது சிட்டுவின் குரலில் கூப்பிடுகிறது? இந்தக் கைக்கு விரல் இருக்கிறது, நகம் இருக்கிறது. இந்த உடம்பு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தண்ணீரில் நனைந்த பிள்ளை குளிர்ந்துதான் இருப்பாள். பயத்தில் காது ஏமாற்றும். வெளியே இருட்டு, சேறு, ஆழம். அவளுக்கு நீந்தத் தெரியாது.

"சித்தி!"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. வெளியே கேட்ட குரல் இரண்டு சொல்லுக்கு நடுவில் மூச்சுத் திணறியது, இருமியது, மூக்கை உறிஞ்சியது. பேசாத நேரத்திலும் அது மூச்சு விட்டது. அவள் காதுக்கு அது தெரிந்தது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவள் காதுக்குத் தெரிந்தது.

"படு அம்மா" என்றது பக்கத்தில்.

அவள் படுத்தாள்.

சித்தி என்று இன்னும் பல தடவை கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. ஒரு தடவை மிக அருகில், கரையிலேயே வந்துவிட்ட மாதிரி. அதற்கப்புறம் இல்லை. அவள் கண்ணைத் திறந்தபடி கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டு, குளிர்ந்த ஒரு தலை தன் தோளில் கனக்க, வெளுக்கும்வரை கிடந்தாள்.

காலையில் கணவன் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, பிள்ளை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, அப்பா வந்தாச்சு."

அவன் நடந்துவந்தவன் நின்றுவிட்டான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு அவள் பக்கத்தில் வந்து, பிள்ளைக்குக் கேட்காதபடி, "என்ன மாயம் பண்ணினே நீ?" என்றான். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவள் அவனிடம் பார்த்ததே இல்லை.

"என்னங்க... ராத்திரி..."

இடுப்போடு ஒட்டியிருந்த மார்பு விரிந்தது. காற்றை இழுத்தது. காத்திருந்தது. அவள் பேச்சை நிறுத்தியதும், அந்தக் காற்று பேச்சாக மாறாமல் மெல்ல வெளியே போயிற்று.

"ராத்திரி தூக்கமே வரலை" என்றாள்.

கூடாரத்தைச் சுருட்டும்போது சேற்றைப் பார்த்தாள். அவள் ஓடிய தடம் அலங்கோலமாகக் கிடந்தது. பக்கத்தில் சின்னப் பாதங்கள் தண்ணீருக்குப் போயிருந்தன. அந்தப் பாதங்களின் குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி, தண்ணீரிலிருந்து வேறு ஒரு வரிசை கூடாரத்துக்கு வந்திருந்தது. அதே அளவு. அதே விரல்கள். ஆனால் காய்ந்த பாளத்தில் நடந்த மாதிரி, இளகிய சேற்றிலும் அவை ஒரு நூலுக்கு மேல் அழுந்தவில்லை. கணவன் உருட்டிக்கொண்டு வந்த கூடாரப் பை அந்தத் தடங்களின் மேல் இழுபட்டுப் போயிற்று.

சொல்ல வேண்டும். காரில் ஏறியதும் சொல்ல வேண்டும். இல்லை, வாசலில் சீட்டுக் கிழிக்கிற ஆளிடம் வண்டியை நிறுத்தி, படகு கொண்டுவரச் சொல்ல வேண்டும். என்னவென்று? பிள்ளை தண்ணீரில் இருக்கிறாள் என்றா? பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருக்கிறாளே.

பாதை நீரின் ஓரமாகவே வளைந்து வளைந்து போயிற்று. வெயில் ஏறிவிட்டது. கண் கூசுகிற, ஒளிய ஒரு நிழல்கூட இல்லாத வெயில். கணவன் ஏதோ பழைய பாட்டை மெட்டுத் தவறி முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். ஒரு திருப்பத்தில் பட்ட மரங்கள் சாலைக்கு மிக அருகில் வந்தன.

மரங்களுக்கு நடுவில் சிட்டு நின்றிருந்தாள்.

மார்பளவு தண்ணீர். மஞ்சள் உடை. ஒரு கை பட்ட மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. முகம் சாலையைப் பார்த்திருந்தது, காரைப் பார்த்திருந்தது, அவளைப் பார்த்திருந்தது. வாய் அசைந்தது. அவ்வளவு அருகில்.

அவள் வாயைத் திறந்தாள், வண்டியை நிறுத்தச் சொல்ல.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் காதுகளைப் பொத்தின. சின்னக் கைகள். ஈரமானவை. உலகம் முழுக்கக் கனத்த கதவைச் சாத்தியது போல எல்லாம் நின்றுபோயிற்று. இன்ஜின் இல்லை. பாட்டு இல்லை. அவள் கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, நரம்பு புடைத்தது. என்ன வந்தது, வந்ததா என்றே தெரியவில்லை. பிடரியில் மட்டும் ஒரு குளிர் பட்டது. யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள்.

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் ஏதோ சொன்ன மாதிரி, சிரிக்கும்படி ஏதோ சொன்ன மாதிரி, பல் தெரியச் சிரித்தான். தலையை ஆட்டினான். 'சரிம்மா, சரி' என்று அவன் உதடு சொன்னது. அவன் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது.

கண்ணாடிக்கு வெளியே அந்த முகம் நழுவத் தொடங்கியது. அதன் உதடுகளை அவள் பார்த்தாள். காது கேட்காதவர்களோடு பழகியவளுக்கு உதட்டைப் படிப்பது பெரிய விஷயமில்லை. சித்தி என்று சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டியதில்லை.

அந்த உதடுகள் ஒட்டின. திறந்தன. மறுபடி ஒட்டின.